பெங்களூரில் போப்பையர்

பெங்களூரில் ரெஸிடென்ஸி சாலை வழியே செல்வோர் பிஷப் காட்டன் பள்ளியைக் காணாமற் போக முடியாது. அங்கே பயிலும் மாணவர்களைச் சில இல்லங்களாகப் பகுத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றுக்குப் போப் இல்லம் என்று பெயர். விளையாட்டுப் போட்டியில் அந்தப் பெயரைக் கூவி உற்சாகப்படுத்தும் சிறுவர்களுள் எத்தனை பேர் திருக்குறளை நினைப்பார்கள் என்பது ஐயமே. ஆனால் அந்தப் பெயருக்குரியவர், திருக்குறளையும் நாலடியாரையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த ஜார்ஜ் யூக்ளோ போப் என்னும் நம் போப்பையரே.

போப்பையரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவரைச் சாயர்புரத்திலும் தஞ்சையிலும் உதகமண்டலத்திலும் காட்டிவிட்டு, பின்னர் ஒரே தாவலில் ஆக்ஸ்போர்டுக்குக் கொண்டுபோய்விடுவர். இடையில் 1871 முதல் ஏறக்குறையப் பத்தாண்டுகள் அவர் பெங்களூரில் வாழ்ந்தார். தமிழ் வழங்கும் எல்லைக்கு வெளியே, தமிழோடு தொடர்பில்லாத ஒரு வேலையில், குடும்பத்தோடு கழித்த ஆண்டுகள் அவை. வெளிமாநிலங்களில் அலுவல் பார்த்துக்கொண்டு தமிழையும் விடாமல் இருக்க முயலும் நம்மைப் போன்றவர்க்கு, அவர் வாழ்வில் இப்பகுதியே மிக நெருங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் பிறந்த குடும்பமே இடம்பெயர்ந்த குடும்பந்தான். தந்தையார் ஜான் போப், தாயார் காதரின் யூக்ளோ. இருவரும் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வாலைச் சேர்ந்தவர்கள். மர வியாபாரத்தின் பொருட்டு அக்குடும்பத்தார் கடல் கடந்து, இன்று கனடாவின் பகுதியாக உள்ள பிரின்ஸ் எட்வர்டு தீவில் பெடெக் என்னும் ஊரிற் குடியேறினர். அங்கேதான் 1820ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் ஜார்ஜ் பிறந்தார். அவருக்கு ஆறு வயதாகும்போது பெற்றோர் இங்கிலாந்துக்குத் திரும்பிப் பிளிமத் துறைமுகத்தில் குடியமர்ந்தனர். சிறிய தந்தையார் ஜோசப் போப் தீவிலேயே தங்கிவிட்டார். அவருடைய மைந்தர் இருவரும் கனடாவின் சரித்திரத்தில் இடம்பெற்றவர்கள். வில்லியம் ஹென்றி போப், கனடாக் கூட்டாட்சியை உருவாக்க 1864இல் கூடிய தலைவர்களுள் ஒருவர். அவர் தம்பி ஜேம்ஸ் காலெட்ஜ் போப் அத்தீவின் முதலமைச்சராக இருந்தவர். போப்பையரின் உடன்பிறந்த தம்பி வில்லியம் பர்ட் போப், வெஸ்லியன் சபையின் பெரிய இறையியல் ஆசிரியராக விளங்கினார்.

தாமும் வெஸ்லியன் சபையின் ஊழியராகவே போப் 1839இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அப்போது வயது பத்தொன்பது. சென்னையில் இராமாநுச கவிராயரிடம் தமிழ் பாடங்கேட்டார். 1841இல் மேரி கார்வர் என்பாரை மணந்தார். பிறகு ஆங்கிலத் திருச்சபையைத் தழுவி, எஸ். பி. ஜி. சங்கத்தின் சார்பில் திருநெல்வேலிச் சீமையில் சாயர்புரத்தில் குருமாணவர்க்குக் கல்விச்சாலை நடத்தினார். 1845இல் தூத்துக்குடியில் மேரி இறந்தார். மணவாழ்வு நான்கே ஆண்டுகள். 1849இல் அவர் இரண்டாவதாக மணந்த ஹென்ரியெட்டா பேஜ் வான் ஸோமரன், சென்னையில் வேரூன்றிய ஒரு குடும்பத்துப் பெண். குடும்பப் பெயர் டச்சுப் பெயர். இல்லறத்தின் ஐம்பத்தொன்பது ஆண்டுகளும், தஞ்சை, உதகை, பெங்களூர், ஆக்ஸ்போர்டு என்று கணவர் சென்ற இடமெல்லாம் உடன்சென்று குடும்பத்தை நிறுத்தியவர் இவ்வம்மையார்.

போப்பையர் எளிதில் ஒத்துப்போகும் இயல்பினர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாணவரிடத்தே மிகக் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். தஞ்சையில் இருந்த காலத்தில் லுத்தரன் சபையாரோடு வழக்காடி 1853இல் ஒரு கண்டனப் பிரசுரமே வெளியிட்டார். 1850களின் இறுதியில் அவ்வூர்ப் பணியை விட்டு உதகமண்டலம் சேர்ந்து அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுமுதல் அவர் சமயப் பரப்பாளர் என்பதைவிடப் பள்ளிக்கூட வாத்தியார் என்பதே பொருந்தும்.

இந்த மாற்றம் எத்தகையது என்பது விளங்க, அந்நாளைய ஆங்கிலத் திருச்சபையின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வது நலம். இந்தியாவிலிருந்த அச்சபைக் குருமார் இருவகையினர். சாப்ளின்கள் எனப்பட்டோர் அரசாங்கச் சம்பளம் பெற்று, படைவீரர்க்கும் வெள்ளை அதிகாரிகளுக்கும் வழிபாடு நடத்துபவர். மிஷனெரிகள் எனப்பட்டோர் சங்கங்களின் பணத்தில் வாழ்ந்து, சுதேச மொழி கற்று, ஊர்ப்புறங்களில் உழைப்பவர். பிஷப்புக்கு அடுத்தபடியாக நின்று நிர்வாகத்தைக் கவனிக்கும் ஆர்ச்டீக்கன் பதவி பெரும்பாலும் முதல் வகையினர்க்கே எட்டியது. 1835இல் சென்னையின் முதல் பிஷப்பான டானியல் காரி அதற்கு முன் கல்கத்தாவின் ஆர்ச்டீக்கனாக இருந்தவர். 1828 முதல் 1836 வரை சென்னையின் ஆர்ச்டீக்கனாக இருந்த தாமஸ் ராபின்ஸன் பாரசீக மொழியில் வல்லவர். நாடு திரும்பியபின் கேம்பிரிட்ஜில் அரபு மொழிப் பேராசிரியர் ஆனார். பெங்களூரின் பழைய ஆங்கிலக் கோயிலாகிய செயிண்ட் மார்க்ஸும் பிற கோயில்களும் சென்னை பிஷப்பின் ஆட்சிக்கும் அவருடைய ஆர்ச்டீக்கனின் மேற்பார்வைக்கும் உட்பட்டவையாகவே இருந்தன. போப்பையரோ பள்ளிக்கூடம் ஏற்றபின் சாப்ளினும் அல்லர், மிஷனெரியும் அல்லர். 1864இல் கான்டர்பரி ஆர்ச்பிஷப் அவருக்கு டி. டி. என்னும் இறையியல் பட்டத்தை வழங்கினார். ஆனால் ஆர்ச்டீக்கன் பதவியோ பிஷப் பதவியோ அவரைத் தேடி வரவில்லை.

பெங்களூர்ப் பள்ளியை 1865இல் தொடங்கியவர், செயிண்ட் மார்க்ஸ் கோயிலின் சாப்ளின் சாமுவேல் தாமஸ் பெட்டிகுரூ. ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பள்ளி அது. இத்தகைய பள்ளிகள் வேண்டுமென்று பெருமுயற்சி செய்த கல்கத்தா பிஷப் ஜார்ஜ் காட்டனின் பெயரைத் தாங்கியது. காட்டன் 1866 அக்டோபரில் வங்காளத்துக் குஷ்டியாவில் படகேறும்போது பலகையில் கால் இடறி ஆற்றில் வீழ்ந்து மறைந்தார். உடலும் கிடைக்கவில்லை. போப் பொறுப்பேற்றபோது பள்ளி இன்னும் இளமரமாகவே இருந்தது. இன்றைய விரிந்த மனையை வாங்கியதும், சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் தனித்தனியே பள்ளிகளை ஒரே வளாகத்தில் அமைத்ததும், சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்குக் கல்லூரி வகுப்புகள் நடத்தியதும் அவர் காலத்தில் நிகழ்ந்தவை. ஹோசூர் சாலையருகே 1870இல் எழுந்த ஆல் செயிண்ட்ஸ் கோயிலில் ஊழியம் புரிந்தவர்களுள்ளும் அவர் ஒருவர். அக்கோயிலின் வரைபடம் சென்னையில் புகழ்பெற்ற ராபர்ட் சிஷோமுடையது.

அக்காலப் பெங்களூரில் தமிழ் அயல்மொழி என்று சொல்லிவிடுவதற்கில்லை. 1831 முதல் 1881 வரை மைசூர் சீமை ஆங்கிலக் கமிஷனர்களின் ஆட்சியில் இருந்தது. 1809இல் அமைந்த கண்டோன்மெண்டுக்குப் பட்டாளத்தோடும் பட்டாளத்தின் பின்னாலும் தமிழர் திரளாக வந்தனர். சிப்பாய்கள், வணிகர், கட்டட மேஸ்திரிகள், சமையற்காரர், குதிரைக்காரர் என்று பலரும் அவருள் அடக்கம். 1864இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயில் வந்தபின் அந்த வரவு இன்னும் பெருகியது. அல்சூர் வட்டாரத்தில் தமிழ் வீதிமொழியாயிற்று. ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் கட்டட ஒப்பந்தங்களில் பொருளீட்டி, 1873இல் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். போப்பையர் ஒரு பள்ளியை உயர்த்திக்கொண்டிருந்த அதே ஊரில், அதே ஆண்டுகளில், சில மைல் தொலைவில் இன்னொரு பள்ளி வேர்விட்டது. ஆயினும் அவருடைய வகுப்பறைகளில் ஒலித்தது ஆங்கிலமே. தமிழ் கற்பிப்பதற்கென்று அவரை யாரும் அங்கே அமர்த்தவில்லை. பள்ளிக் கணக்கு, பிள்ளைகளின் உணவு, ஆசிரியர் நியமனம், தேர்வு முடிவு ஆகியவற்றுக்கே அவர் பொறுப்பாளி.

1877ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு மார்ச்சு 11ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையில் போப்பையரைப் போலவே உழைத்த கால்டுவெல்லும் சார்ஜன்டும் கல்கத்தாவில் துணை பிஷப்புகளாகத் திருநிலைப்படுத்தப்பட்டனர். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் அதற்கு முன்பே அவர் பெயரை நிலைநாட்டியிருந்தது. அவ்வாண்டே இங்கிலாந்தில் தம்பி வில்லியம் பர்ட் போப் வெஸ்லியன் மாநாட்டின் தலைவரானார். மறு ஆண்டு, தீவில் தங்கிய கிளையைச் சேர்ந்த ஜேம்ஸ் போப் கனடா நாட்டின் மத்திய அமைச்சர் ஆனார். உறவினர், நண்பர் யாவரும் இவ்வாறு ஏற்றம் பெற்ற வேளையில், ஐம்பத்தேழு வயதுப் போப்பையர் ரெஸிடென்ஸி சாலையில் பையன்களின் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியேயோ பெரும் பஞ்சம். 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சம் மைசூர் சீமையைப் பாதி சுடுகாடாக்கியது. 1871இல் 50 லட்சத்துக்கு மேலிருந்த அச்சீமையின் மக்கள்தொகை 1881இல் சுமார் 42 லட்சமாகக் குறைந்தது. பசித்தோர் நாட்டுப்புறத்திலிருந்து பெங்களூரை நோக்கி வந்தவண்ணம் இருந்தனர்.

அந்நாட்களிலேதான் அவர் குறளுக்குத் திரும்பினார். பம்பாயிலிருந்து வெளிவந்த 'இந்தியன் ஆன்டிக்வரி' என்னும் ஆராய்ச்சி இதழில் 1878 தொடங்கித் திருக்குறளைப் பற்றிய அவருடைய குறிப்புகள் வெளிவந்தன. 1886இல் லண்டனில் அச்சான குறள் மொழிபெயர்ப்புக்கு இவற்றை முன்னோடி என்று கொள்ளலாம். ஆக்ஸ்போர்டில் வெளியான நூல் என்று நாம் எண்ணுவதன் முதற் பக்கங்கள் பெங்களூர்ப் பள்ளிக்கூட வாழ்வின் ஓய்வு நேரங்களில் விளைந்தவை.

குறள் மட்டுமன்று. நீலகிரித் தோடர்களைப் பற்றிக் கர்னல் மார்ஷல் எழுதி 1873இல் வெளியிட்ட நூலின் இறுதியில், தோடர் மொழிக்கு ஒரு சுருக்க இலக்கணம் இருக்கிறது. அது போப்பையர் வகுத்தது. எழுத்தில்லாத ஒரு சிறு கூட்டத்தாரின் பேச்சைத் தமிழோடும் கன்னடத்தோடும் ஒப்பிட்டு ஒழுங்குபடுத்திய முயற்சி. பள்ளி மாணவர்க்கென்று அவர் எழுதிய இந்திய சரித்திரப் பாடநூல் 1871இல் வெளிவந்து 1880இல் மூன்றாம் பதிப்பைக் கண்டது. மைசூர் சீமையில் நெடுங்காலம் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா நம் மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதிய நூலைத் திருத்தங்களோடும் குறிப்புகளோடும் அவர் பதிப்பித்தார். சென்னை ஹிக்கின்பாதம்ஸ் 1879இல் வெளியிட்டது. இவ்வளவும் செய்தவர் முழுநேரப் பள்ளித் தலைவர் என்பதை மறக்கலாகாது.

இதே பெங்களூரில் அதே ஆண்டுகளில் இன்னொரு பாதிரியார் குடும்பத்தின் பிள்ளை, பெஞ்சமின் லூயிஸ் ரைஸ், மைசூர் கெஸட்டியரை எழுதிக்கொண்டும் கன்னடக் கல்வெட்டுகளைத் தேடிக்கொண்டும் இருந்தார். அவர் பெங்களூரிலேயே பிறந்தவர். தந்தையார் லண்டன் மிஷன் ஊழியர். சுற்றிலும் பேசப்படும் மொழியில் ஆராய்ச்சி செய்வது ரைஸுக்கு வாய்த்தது. போப்பையர் செய்ததோ, விட்டுவந்த மொழியை உடன் சுமந்து வந்து செய்தது.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜான் வான் ஸோமரன் போப் பர்மாவின் கல்வித் துறையில் உயர்பதவி வகித்தார். ஆர்தர் வில்லியம் யூக்ளோ போப் ரயில்வே எஞ்சினீயராகி இந்தியாவிலும் சீனாவிலும் பணியாற்றினார். தாமஸ் ஹென்றி போப் இராணுவ மருத்துவராகி, லெப்டினன்ட் கர்னல் பட்டத்தோடு, சென்னை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவப் பேராசிரியராக விளங்கினார். தந்தை கண் கெடப் படித்த ஏட்டுச்சுவடிகளின் நாட்டில் மகன் கண் நோய் தீர்த்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். தந்தையின் தமிழ்ப் பணியை இம்மூவருள் எவரும் தொழிலாகக் கொள்ளவில்லை. அவரவர் பிழைப்பு அவரவரை வெவ்வேறு நாட்டுக்கு இழுத்துச் சென்றது. டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பிள்ளைகளை வளர்த்த தமிழ்ப் பெற்றோர்க்கு இது விளங்காத செய்தியன்று. வீட்டுக்கு ஒருவர் மொழியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மற்றவர் அதைக் கேட்டபடியே கடந்துபோவர்.

1880களின் தொடக்கத்தில் போப்பையர் இந்தியாவை விட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாசம் முடிந்தது. 1884இல் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியரானார். அவரிடம் கற்றவர் சிவில் சர்வீஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆங்கில இளைஞர். 1888 முதல் பேலியல் கல்லூரியின் குருவுமானார். 1886இல் குறள், 1893இல் நாலடியார். மொழிபெயர்ப்பையே அன்றாட அலுவலாகக் கொண்ட என் போன்றோர் அவர் குறளைப் படிக்கையில் சில இடங்களில் நின்றுவிடுவோம். ஏழு சீரில் வள்ளுவர் சொன்னதை ஆங்கிலச் செய்யுளின் எதுகைக்காக நீட்டியும் வளைத்தும் இருக்கிறார். மயிலாப்பூரில் கிறிஸ்தவர் போதனையை வள்ளுவர் கேட்டிருக்கலாம் என்று அவர் எழுதியதையும் ஆராய்ச்சியாளர் ஒப்பவில்லை. ஒப்புவதற்குச் சான்றும் இல்லை. ஆயினும் 1330 குறளையும் விடாமல் செய்யுளாகவே தரத் துணிந்த உழைப்பு அருமையானது.

திருவாசகத்தைத் தொடுவதற்கு அவரே தயங்கினார். ஓர் இரவு பேலியல் கல்லூரி முற்றத்தில் கல்லூரித் தலைவர் ஜோவெட்டோடு உலவும்போது, இந்த வயதில் அவ்வளவு பெரிய வேலையை முடிக்க ஆயுள் வேண்டுமே என்றார். பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நெடுங்காலம் வாழும் வழி, முடிக்கும்வரை இருப்பீர் என்னும் பொருள்பட ஜோவெட் மறுமொழி சொன்னார். ஜோவெட் 1893இல் காலமானார். போப்பையர் திருவாசகத்தை முடித்து, தம் எண்பதாம் பிறந்தநாளாகிய 1900 ஏப்ரல் 24ஆம் தேதியிட்டு முகவுரை எழுதினார். அதற்கு முந்திய ஆண்டுதான் ராயல் ஏஷியாட்டிக் சொஸைட்டியின் இதழில் புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றையும் ஆங்கிலமாக்கித் தந்திருந்தார். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த ஐந்தே ஆண்டுகளில் அது நிகழ்ந்தது. அந்த சொஸைட்டி 1906இல் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 1908 பிப்ரவரி 11ஆம் நாள் அவர் காலமானார்.

அவர் கல்லறையைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதச் சொன்னார், அவ்வாறே எழுதியிருக்கிறது என்று மேடைதோறும் கேட்டிருக்கிறோம். சிறுவயதில் நானும் நம்பியதுதான். ஆனால் ஆக்ஸ்போர்டில் செயிண்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்திலுள்ள அக்கல்லில் அத்தொடர் இல்லை. தென்னிந்தியாவைச் சார்ந்த டாக்டர் போப் என்று அவரைக் குறித்து, பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராகவும் பேலியலில் குருவாகவும் இருந்ததைச் சொல்லி, பிறப்பு இறப்புத் தேதிகளைத் தருகிறது. இந்தக் கல்லை நாட்டியவர் யார் என்பதும் அதில் இருக்கிறது. கீழ்த்திசை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் ஆயுள் முழுதும் ஆற்றிய உழைப்பை அன்போடு வியந்து, அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் நாட்டியது என்கிறது கல். கற்பனைத் தொடரைவிட இந்த மெய்த் தொடரே எனக்குப் பெரிதாகப் படுகிறது. கனடாவிலும் இங்கிலாந்திலும் பர்மாவிலும் சென்னையிலும் சிதறிய ஒரு குடும்பத்தோடு, ஆயிரக்கணக்கான மைலுக்கப்பாலிருந்த தமிழர் ஒரே வரியில் சேர்ந்து நிற்கிறார்கள்.

சென்னைக் கடற்கரையில் 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது அவருக்குச் சிலை நாட்டப்பட்டது. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டது; நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. குறளைப் பற்றி ஆங்கிலத்தில் குறிப்பெழுதிய போப்பையரின் பள்ளி அந்த ஏரியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

ஹென்ரியெட்டா அம்மையார் கணவருக்குப் பின் மூன்றாண்டுகள் வாழ்ந்தார். 1911 செப்டம்பரில் அவர் இறந்தபோது ஆக்ஸ்போர்டில் அதே கல்லறையில் அவரையும் அடக்கம் செய்தனர்.